வாயசைப்பாம்!

நேற்று நான் போட்ட டோஸ்கா ஓபரா (பாட்டாலேயே நடக்கிற நாடகம்) கிளிப்புக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "ஆர்கெஸ்ட்ராவே காணோம், வாயசைப்புக்குப் போய் இந்த உருகலா" என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்பு எமோஜி. பதில் எழுதி எழுதி அழித்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் இது.

வாயசைப்பு இல்லை. நேரலை. 1992 ஜூலை 11, 12. இசையமைப்பாளர் புச்சினியின் டோஸ்காவில் கதை ரோமில் எந்த இடத்தில், எந்த வேளையில் நடக்கிறதோ அங்கேயே, அந்த வேளையிலேயே பாடவைத்து, நூறு நாடுகளுக்கு மேல் நேரடியாகக் காட்டினார்கள். முதல் அங்கம் மதியம் தேவாலயத்தில், இரண்டாவது இரவு ஃபர்னேசே மாளிகையில், மூன்றாவது மறுநாள் விடிகிற நேரத்தில் சாந்த் ஆஞ்சலோ கோட்டை உச்சியில். ஆர்கெஸ்ட்ரா ஏன் காணோம் என்றால், அது அங்கே இல்லை ஐயா! ஜூபின் மேத்தா (ஆமாம், பம்பாயில் பிறந்தவர்தான்) ஸ்டூடியோவில் நின்று ஆர்கெஸ்ட்ராவை நடத்த, அவர் கையசைவை மானிட்டரில் பார்த்துப் பாடினார்கள். எதிரில் நிற்கிற ஆளைக் காதலிக்கவும் வேண்டும், ஓரக்கண்ணால் தாளத்தைப் பிடிக்கவும் வேண்டும்.

"மைக் இருந்ததே, ஓபராவுக்கு மைக் ஏது?" சரி, இருந்தது. மொட்டைமாடியில் வேறென்ன செய்ய? மைக் சத்தத்தைக் கூட்டும், சுருதியைச் சேர்க்காது.

விடியற்காலையில் பாடுவது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் ஆலயத்தில் ஈஸ்டர் ஆராதனை நாலரை மணிக்கு. சுக்குக் காபி குடித்து, மப்ளர் சுற்றி, வீட்டிலிருந்தே முனகிக்கொண்டு போனேன். தனியாகப் பாட எனக்கு இரண்டே வரி. இரண்டாவது வரியின் உச்சியில் குரல் கீச்சென்று உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது பரவியது. அதோடு பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கதாநாயகன் கவரதோசியாகப் பாடிய பிளாசிடோ டொமிங்கோ அதேபோல் விடியற்காலையில், உலகமே பார்க்க, கோட்டை மேல் நின்று பாடுகிறார். அதைத்தான் வாயசைப்பு என்கிறீர்கள்.

"சாகப்போறவன் பாட்டா பாடுவான்" என்று கேட்டவருக்கு நான் என்ன சொல்ல? மரண தண்டனைக்குக் காத்திருக்கிற கவரதோசிக்கு ஒரு மணி நேரம்தான் பாக்கி. இருக்கிற ஒரே மோதிரத்தைச் சிறைக்காவலனுக்குக் கொடுத்து, காதலிக்குக் கடிதம் எழுத அனுமதி வாங்குகிறான். சில வரி எழுதுகிறான், அதற்கு மேல் கை ஓடவில்லை. பாட்டு அங்கேதான் வருகிறது. முழுதாகப் பார்த்திருந்தால் தெரியும், முப்பது விநாடியில் எமோஜி போட்டால் எப்படித் தெரியும்?

ஓபரா பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமே இல்லை. (இருக்கிறது, விடுங்கள்.) ஆனால் ஒருத்தர் தொண்டையைப் பணயம் வைத்துப் பாடும்போது பின்வரிசையில் உட்கார்ந்து இளிக்கிற புத்தி இருக்கிறதே, அது எனக்குப் பழக்கமானது.

கிளிப்பை எடுக்கமாட்டேன். அப்புறம், அந்தச் சிரிப்பு எமோஜிகளில் ஒன்று, அன்றைக்கு ஈஸ்டரில் என் பக்கத்தில் நின்று ஆல்டோ (பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரல்) பாடியவருடையது. பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.