ஹோ சி மின் பாதையைக் காத்தது மண்வெட்டி

வியட்நாம் போர் என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் மூங்கில் முள் பதித்த குழிக்கும் கொரில்லாக்கள் பதுங்கிய கூச்சி சுரங்கத்துக்கும் போய்விடுகிறார்கள். கையில் ஒன்றுமில்லாத விவசாயி அமெரிக்க வல்லரசை விரட்டினான் என்று முடித்தும் விடுகிறார்கள். பதுங்கித் தாக்கியவனுக்குத் தோட்டா எப்படி வந்தது, அவன் சாப்பிட்ட அரிசி எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நவீன ராணுவத்துக்கு எதிரான கொரில்லாப் போரில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

1959 மே மாதம் வட வியட்நாம் ஒரு போக்குவரத்துப் படைப்பிரிவைத் தொடங்கியது. ஐந்தாம் மாதம், 59-ஆம் ஆண்டு என்பதால் அதன் பெயரே 559. ட்ருவாங் சோன் மலைத்தொடர் வழியாக, பெரும்பகுதி பக்கத்து நாடான லாவோஸின் காட்டுக்குள் புகுந்து, தெற்கு வியட்நாமில் நடந்த போருக்கு ஆளையும் பொருளையும் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. அந்த வழிதான் ஹோ சி மின் பாதை. முதலில் முதுகுச்சுமைதான். பிறகு சைக்கிள் வந்தது. அதை யாரும் ஏறி ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஹேண்டில்பாரில் நீளமாக ஒரு மூங்கிலைக் கட்டினால் பக்கத்தில் நடந்தபடியே திருப்பலாம். சீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக இன்னொரு கம்பு கட்டினால் சாயாமல் பிடித்துத் தள்ளலாம். இப்படி ஒரு சைக்கிளில் 200 கிலோவும் அதற்கு மேலும் போயிருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் சோவியத், சீன லாரிகள் வந்தன. ஒரே டிரைவர் வடக்கிலிருந்து தெற்குவரை ஓட்டுவதில்லை. பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முகாம் வைத்தார்கள். டிரைவர் தன் துண்டை மட்டும் இரவில் ஓட்டி, சரக்கை அடுத்த முகாமில் இறக்கிவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடுவார். முகாமுக்கு முகாம் ஏற்றி இறக்குவதில் நேரமும் ஆள்பலமும் வீணாகும்தான். ஆனால் அதே வளைவுகளில் தினமும் போகிறவருக்குப் பெரிய வெளிச்சம் தேவையில்லை. வண்டிக்கு அடியில் கட்டிய சின்ன விளக்கே போதும்.

சமையல் இன்னொரு தலைவலி. காட்டுக்கு மேலே ஒரு கீற்றுப் புகை தெரிந்தாலும் விமானம் வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த போரிலேயே ஹோவாங் காம் என்ற ராணுவச் சமையல்காரர் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தார். அடுப்பை மண்ணுக்குள் வெட்டி, அதிலிருந்து நீளமான வாய்க்கால்கள் தோண்டி, மேலே கிளைகளைப் பரப்பி ஈரமண்ணால் மூடுவார்கள். புகை அதற்குள் போகப்போகக் குளிர்ந்து, மண் இடுக்குகளில் கசிந்து, விடிகாலைப் பனிமூட்டத்தோடு கலந்துவிடும். மேல்மண் காய்ந்து வெடித்தால் புகை நேராக மேலே கிளம்பிவிடும் என்பதால் அதை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் அமெரிக்கா கொண்டுவந்தது அந்தக் காலத்தின் உச்சத் தொழில்நுட்பம். 'இக்லூ ஒயிட்' என்று பெயர். விமானத்திலிருந்து விழுந்து மண்ணில் குத்தி நிற்கும் சென்சார்கள், ஆண்டெனா செடிபோலவே இருக்கும். நில அதிர்வையும் சத்தத்தையும் அவை பிடித்து அனுப்ப, மேலே சுற்றும் விமானம் வாங்கி, தாய்லாந்தின் நகோன் பனோமில் இருந்த ஐபிஎம் கணினிகளுக்குக் கடத்தியது. ஏதோ நகர்ந்தது என்று சென்சார் சொல்லும். அது சரக்கு லாரியா, ஏமாற்ற ஓட்டிய வெற்று லாரியா என்று சொல்லாது. விமானிகள் சேதப்படுத்தியதாகக் கணக்குக் காட்டிய லாரிகளின் சிதைவுகள் மறுநாள் படங்களில் கிடைக்காததால், லாவோஸில் லாரி தின்னும் பூதம் இருப்பதாக அவர்களுக்குள்ளேயே பேச்சு கிளம்பியது.

மு கியா கணவாய்போல ஒதுங்க இடமில்லாத ஒரே வழியில் குண்டு விழுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் அமெரிக்கா கணக்குப் போட்டது. ஆனால் அப்படிப்பட்ட இடங்களில் வியட்நாமியர்கள் முன்கூட்டியே மாற்றுவழி வெட்டி வைத்திருந்தார்கள். ஆறுகளில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கல்லும் மரமும் பரப்பிப் பாலம் போட்டார்கள், மேலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான். எரிபொருளுக்கு 1968-லிருந்து குழாயே பதித்தார்கள். மழைக்காலத்தில் மட்டும் எதுவும் செல்லுபடியாகவில்லை, செம்மண் சேறாகிச் சக்கரங்களை விழுங்கிவிடும். அந்த மழையை நீட்டிக்க 1967 முதல் 1972 வரை அமெரிக்கா மேகங்களில் ரசாயனம்கூடத் தூவியது.

இதையெல்லாம் எந்த நாட்டிலும் அப்படியே செய்துவிடலாம் என்று எழுதுகிறவர்கள் மலாயாவைப் பார்க்கட்டும். அங்கும் காடு இருந்தது, துணிச்சலும் இருந்தது. 1950-இல் கொரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷாரின் பிரிக்ஸ் திட்டம் வந்து, காட்டோரம் இருந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரைக் கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் அடைத்தது. காட்டுக்குள் அரிசி போகும் வழி அடைபட்டது, கொரில்லாக்கள் தோற்றார்கள். வியட்நாமுக்கு முதுகில் சீனா இருந்தது, சோவியத் இருந்தது, ஒதுங்க லாவோஸ் இருந்தது. அதே வியட்நாம் படை 1972-இல் டாங்குகளோடு வெளிச்சத்துக்கு வந்தபோது விமானங்கள் அதை நொறுக்கின.

கொடுத்த விலையை மறைத்துவிட்டு வீரம் பேசுவது எனக்கு ஏற்பில்லை. பாதையில் குண்டுக்குச் செத்தவர்களோடு மலேரியாவுக்குச் செத்தவர்களும் ஏராளம். லாவோஸ் மீது 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. வெடிக்காமல் மண்ணில் கிடந்த கொத்துக்குண்டுகள் அங்கே பிறகு பிறந்த குழந்தைகளையும் கொன்றன.

பாதைக்குச் சரக்கு வந்துசேரும் வழியில், வட வியட்நாமுக்குள்ளேயே டோங் லோக் என்று ஒரு சந்திப்பு. 1968 ஜூலை 24 அன்று அங்கே குண்டுக்குழிகளை மண்வெட்டியால் நிரப்பிக்கொண்டிருந்த 10 இளம்பெண்கள் ஒரே குண்டில் செத்தார்கள். எல்லோரும் 17 முதல் 24 வயதுக்குள். துப்பாக்கி பிடித்தவனைப் பற்றிப் பத்துப் பதிவு எழுதுகிறவர்கள் இவர்களைப் பற்றி ஒன்றாவது எழுதுங்கள்.