சட்டமன்றத்தைக் கூட்டக் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கும் வேண்டும்

பேரவை கூடாத நாட்களில் பெரிதாக ஏதாவது நடந்தால், ‘உடனே சிறப்புக் கூட்டம் கூட்டுங்கள்’ என்று எதிர்க்கட்சித் தலைவர் அறிக்கை விடுவார். அந்த அறிக்கைக்குச் சட்டப்படி எந்தப் பலமும் இல்லை. பேரவை விதிகளைத் திருத்தி அந்தப் பலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கடைசி நாளில் சபாநாயகர் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கிறார். கூட்டத்தொடரை முடித்துவைப்பது அதற்குப் பிறகு, அமைச்சரவை சொல்லி ஆளுநர் செய்வது. ஒத்திவைப்பு மட்டும் நடந்திருந்தால் சபாநாயகரே மறுபடியும் கூட்டலாம். மக்களவை விதி 15 அப்படித்தான் சொல்கிறது. பஞ்சாபில் 2023 ஜூனில் அவ்வாறு கூடிய கூட்டம் செல்லாது என்று ஆளுநர் சொன்னார்; செல்லும் என்று நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முடித்துவைத்துவிட்டால் அரசமைப்பின் பிரிவு 174-இன்படி ஆளுநர்தான் அழைக்க வேண்டும். 2020 ஜூலையில் ராஜஸ்தான் அமைச்சரவையின் கோரிக்கையை ஆளுநர் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினார், 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றார். பேரவை கூடியது ஆகஸ்ட் 14-இல். அமைச்சரவைக்கே இந்த நிலை என்றால் எதிர்க்கட்சி எங்கே போய்க் கேட்கும்?

உறுப்பினர்கள் கேட்டால் அவை கூடுவது நம் அரசமைப்புக்குப் புதிதல்ல. நெருக்கடி நிலையை ஏற்க மறுக்கும் தீர்மானத்துக்காக மக்களவையில் பத்தில் ஒருவர் எழுத்தில் கேட்டால் 14 நாளுக்குள் சிறப்பு அமர்வு நடத்த வேண்டும் என்கிறது பிரிவு 352(8). 1978-இல் 44ஆவது திருத்தம் கொண்டுவந்தது அது.

இதே முறையை நம் பேரவை விதியிலும் எழுதலாம். 234 பேர் கொண்ட நம் பேரவையில் பத்தில் ஒன்று என்றால் 24 கையெழுத்து. ஐந்தில் ஒன்று, அதாவது 47 போதாதா என்று கேட்பவர்கள் 2011 தேர்தலைப் பார்க்கட்டும். தேமுதிகவுக்கு 29 இடம், திமுகவுக்கு 23. தனித்தனியாக இரண்டு கட்சியாலும் 47-ஐ எட்ட முடியாது. ஆகவே 24 போதும். ஒருவர் ஓர் ஆண்டில் ஒரு கோரிக்கையில் மட்டுமே கையெழுத்திடலாம் என்று விதித்தால், சும்மா சும்மா கூட்டச் சொல்வார்களே என்ற பயமும் தேவையில்லை.

ஆனால் கெடு மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. பாகிஸ்தான் அரசமைப்பில், தேசியப் பேரவையின் நான்கில் ஒருவர் கேட்டால் 14 நாளில் கூட்டியாக வேண்டும். 2022 மார்ச் 8 அன்று இம்ரான் கான் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்காக எதிர்க்கட்சியினர் கோரிக்கை கொடுத்தார்கள். கட்டடத்தில் இஸ்லாமிய நாடுகளின் மாநாடு என்று காரணம் சொல்லி, கெடு தாண்டி மார்ச் 25-க்குத்தான் சபாநாயகர் அவையை அழைத்தார். அதனால் நம் விதியில், 14ஆம் நாளுக்குள் அழைப்பு வராவிட்டால் 15ஆம் நாள் காலை 10 மணிக்கு அவை தானாகவே கூடும், பேரவைச் செயலர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று இருக்க வேண்டும். கூடிய ஐந்தாவது நிமிடத்தில் பெரும்பான்மையை வைத்து ஒத்திவைத்துவிட்டால் எல்லாம் வீண். இரண்டு மணி நேர விவாதம் முடியும்வரை அவையை ஒத்திவைக்கும் தீர்மானமே கொண்டுவர முடியாது என்ற வரியும் சேர வேண்டும்.

பிரிவு 208-இன்படி பேரவை தன் விதிகளைத் தானே திருத்திக்கொள்ளலாம். ஆளுநர் ஒப்புதல் தேவையில்லை. விதிகள் குழு மனது வைத்தால் அடுத்த கூட்டத்தொடரிலேயே செய்துவிடலாம்.

ஓட்டை ஒன்று மிஞ்சும். கோரிக்கை வரும் என்று தெரிந்தாலே அரசு அவசரமாகக் கூட்டத்தொடரை முடித்துவைக்கச் சொல்லும். பேரவை விதியால் அதைத் தடுக்க முடியாது. அதற்குப் பிரிவு 174-லேயே 352(8) போன்ற ஓர் உட்பிரிவைச் சேர்க்க வேண்டும், அது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.