ஓவியப் போட்டி இல்லையாம்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒரு பிள்ளையின் படத்தின்மேல் நடுவர் எழுதிய அந்தச் சிவப்பு மைக் குறிப்பை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அந்தப் பக்கத்தை மறுபடி போடவில்லை. வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த பக்கம். குறுக்கே ஒரு கோடு. ‘இது ஓவியப் போட்டி அல்ல.’ நடுவர் ஐயா, ஓவியப் போட்டி இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அது அறிவியல் என்று உங்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் படம் ஓர் அளவீடு. கூரான பென்சில், விட்டுவிட்டு இழுக்காத ஒற்றைக் கோடு, நிழல் தீட்டக் கூடாது. உறுப்புகளின் பெயரைக் காட்டும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, அம்புத்தலை கூடாது, நுனி உறுப்பைத் தொட்டாக வேண்டும். கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 10 என்றால் நாம் பார்ப்பது 100 மடங்கு. படத்துக்கும் அதையே எழுதிவைப்பதுதான் வழக்கமான தப்பு. நுண்ணோக்கியில் தெரியும் வட்டம் (பார்வைப் புலம்) 1.8 மி.மீ. அகலம், அதில் நீளவாக்கில் 6 செல் அடங்குகிறது என்றால் ஒரு செல் 0.3 மி.மீ. தாளில் அதை 60 மி.மீ. நீளத்துக்கு வரைந்தால் படத்தின் உருப்பெருக்கம் 200. அந்தப் பக்கத்தின் மூலையில் இந்தக் கணக்கு இருந்தது. கோடு அதன்மேலும் போயிருக்கிறது.

வரையச் சொன்னால்தான் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பது வெளியே வரும். பார்க்காதவர் பாடப்புத்தகத்தை வரைவார்: எல்லாச் செல்லும் ஒரே செங்கல், உட்கரு நட்டநடுவில். உண்மையில் செல்லுக்குள் இருக்கும் நீர்ப் பை (நுண்குமிழ்) பெரிதாக இருப்பதால் உட்கரு சுவரோரம் ஒதுங்கியிருக்கும். காற்றுக் குமிழியைச் செல் என்று வரைபவர்களும் உண்டு. தடித்த கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டம் தெரிந்தால் அது குமிழி. மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டைத் தட்டையாகப் போட்டதால் வந்தது. ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்கியிருந்தால் வந்திருக்காது. எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார், ஏன் என்பதை ஆசிரியருக்கு இவ்வளவு நேராகக் காட்டும் விடைத்தாள் வேறு எது?

“போன் இருக்கிறதே, போட்டோ எடுத்தால் போதாதா?” வரும் என்று தெரியும். எடுங்கள். போட்டோவில் ஒரே ஓர் ஆழம்தான் தெளிவாக விழும். வரைகிற கை நுண்திருகைத் திருகித் திருகி மேலும் கீழும் பார்த்ததை ஒரே படத்தில் சேர்க்கும். நரம்புசெல்களை ஸ்பெயின் அறிவியலாளர் ரமோன் இ கஹால் அப்படித்தான் வரைந்தார். அவற்றைத் தெரியவைக்கச் சாயமேற்றும் முறை இத்தாலியின் கோல்ஜி கண்டுபிடித்தது. ஆனால் கோல்ஜி நரம்பு மண்டலத்தைத் தொடர்ச்சியான வலை என்றார், கஹால் தனித்தனிச் செல்கள் என்றார். 1906 நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே போனது. சரியாகச் சொன்னவர் கஹால்.

1609-இல் கலிலியோவுக்குச் சில மாதம் முன்பே இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்துவிட்டார். ஒளிநிழல் வரைவதில் தேர்ந்த கலிலியோதான் அந்தக் கறைகளை மேடு பள்ளமாகப் படித்தார், இருட்டுப் பகுதிக்குள் மின்னும் உச்சிகளின் தூரத்தை வைத்து மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். இதுவும் ஓவியப் போட்டிதானா?

உடனே இன்னொரு கூட்டம் கைதட்டும்: “நாங்கள் கலையையும் அறிவியலையும் இணைத்துவிட்டோம்!” ரோபோவுக்கு ஜிகினா ஒட்டுவதையா சொல்கிறீர்கள்? இணைப்பது என்றால் ஒன்றை மாற்றும்போது மற்றதும் மாறியாக வேண்டும். தாளில் காப்பர் டேப் ஒட்டி, 3 வோல்ட் பட்டன் செல்லில் எல்.ஈ.டி. எரியவிடும் வாழ்த்து அட்டையை எடுங்கள். படத்தில் சிவப்பும் நீலமும் வேண்டும் என்று பக்க இணைப்பில் போட்டால் நீலம் மங்கும், அல்லது எரியவே எரியாது. சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வேண்டும். சிவப்பு எல்.ஈ.டி. பட்டன் செல்லின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும். சிவப்புக்கு முன்னால் ஒரு மின்தடை வேண்டும், இல்லையென்றால் வண்ணத்தை மாற்ற வேண்டும். மூலையில் டேப்பை வெட்டி மேலே மேலே ஒட்டினால் இணைப்பு விட்டுப்போகும், பல டேப்புகளில் பசை மின்சாரத்தைக் கடத்தாது. வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். அட்டையின் வடிவம் இங்கே மின்சுற்றையே தீர்மானிக்கிறது. ஜிகினா எதைத் தீர்மானிக்கிறது?

“அழகுக்கு எப்படி மார்க் போடுவது?” அழகுக்கு யார் கேட்டது? விகிதம், கோடு, அளவு, பெயர் குறித்தது. போடுங்கள்.

“நேரம் இல்லை.” அச்சடித்த படத்தைப் பார்த்துக் காப்பியடித்து வண்ணம் தீட்ட மட்டும் நேரம் இருக்கிறது.

ஓவிய ஆசிரியரை அறிவியல் ஆய்வகத்துக்குள் ஒருநாள் கூப்பிட்டிருப்பீர்களா? கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை மட்டும் அவர் நினைவு வரும். பேனர் எழுத வேண்டும், வரவேற்பு வளைவுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். மறுநாள் நடுவர் மேசையில் அவருக்கு நாற்காலி கிடையாது.