கீசரைப் போட்டே வைப்பது சிக்கனமா?
"ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடாக்கினால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும், கீசரைப் போட்டே வைப்பதுதான் சிக்கனம்" என்று கீசர் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர். 28 டிகிரியில் வரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோகப் பதினேழு பதினெட்டு நிமிஷம், அரை யூனிட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். போட்டே வைத்தால் டேங்கிலிருந்து இரவு பகலாகச் சூடு கசியும். அதை ஈடுகட்ட, யாரும் குளிக்காத நேரத்திலும் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணையும். லண்டனில் என் மைத்துனர் வீட்டு காம்பி பாய்லரிலும் (வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் கேஸில் சூடாக்கும் கருவி) இதே கதைதான். முன்கூட்டியே சூடாக்கி வைக்கும் ப்ரீஹீட் வசதியைப் போட்டால் குழாயில் சுடுதண்ணீர் சீக்கிரம் வரும், ஆனால் உள்ளே சூட்டைத் தக்கவைக்க அவ்வப்போது கேஸ் எரியும். அங்கேயாவது குளிர்காலத்தில் கசியும் சூடு வீட்டுக்குள்தானே நிற்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே சித்திரை வெயிலில் குளியலறைக்குச் சூடு எதற்கு? மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடுகிறது! அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கீசரில் உப்புப் படிவதைப் பற்றிக் கேட்டிருந்தார். ஆற்றுத் தண்ணீர் வந்தவரை எங்களுக்குத் தொல்லை இல்லை. போர் தண்ணீருக்கு மாறிய பிறகு தண்ணீரைச் சூடாக்கும் காயிலைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்து, தட்டினால் சில்லு சில்லாக உதிர்ந்தது. சூடு கூடக்கூட அதுவும் கூடும். முழுதாக முறுக்கி வைத்திருந்த தெர்மோஸ்டாட்டை (சூட்டின் அளவை வைக்கும் திருகு) 60 டிகிரிக்கு இறக்கியபின் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் எழுந்ததும் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறேன். திரும்பி வருவதற்கும் விளக்கு அணைவதற்கும் சரியாக இருக்கிறது.