மஞ்சள்கரு இருப்பதால் 3 நாட்களுக்குத் தீவனம் வேண்டாமா?

பொரிப்பகத்திலிருந்து வந்திறங்கிய கோழிக்குஞ்சுகளின் வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருப்பதால், புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் அடைப்பில்) விட்ட முதல் 3 நாட்களுக்குத் தண்ணீரும் தீவனமும் தேவையில்லை என்று இங்கு ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மஞ்சள்கரு இருப்பது உண்மைதான். ஆனால் அது பொரிப்பகத்திலிருந்து பண்ணை வந்து சேரும் வரை உயிரைக் காக்கும் கையிருப்பே தவிர, தீவனத்துக்கு மாற்று அன்று. பயணத்திலேயே உடலின் நீர் வற்றத் தொடங்கிவிடுவதால், இறக்கியவுடன் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் நனைத்துவிட்டு, விரித்த காகிதத்தின் மேல் தீவனத்தைத் தூவ வேண்டும். இரையெடுக்கத் தொடங்கிய குஞ்சில்தான் அந்த மஞ்சள்கருவும் விரைவாகக் கரைகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். அன்றிரவே சில குஞ்சுகளைக் கையில் எடுத்து, கழுத்தடியிலுள்ள தீனிப்பையை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: மெத்தென்று நிறைந்திருந்தால் தீனியும் தண்ணீரும் சேர்ந்திருக்கின்றன, கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, தட்டையாக இருந்தால் இரண்டுமே எட்டவில்லை.