கிரேக்க உணவகத்தில் மீனுக்கு மட்டும் விலை கொடுங்கள்

கடந்த மார்ச் மாதம், எங்கள் 20ஆவது திருமண நாளன்று, நானும் என் கணவரும் மன்ஹாட்டனில் ஒரு உயர்தரக் கிரேக்க உணவகத்துக்குச் சென்றிருந்தோம். உணவுக்கு 317 டாலர், அதன் மேல் நியூயார்க் நகரத்தின் 8.875 சதவீத விற்பனை வரி, 20 சதவீத டிப்ஸ் என்று எல்லாம் சேர்த்து இருவருக்கும் 408 டாலருக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. மறுநாள் தொகையைக் கேட்ட தோழி ஒருவர், "பிரெஞ்சுச் சாப்பாடு என்றால்கூடப் பரவாயில்லை, கிரேக்கச் சாப்பாட்டுக்கா இவ்வளவு?" என்றார். அவருக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. இரண்டு மாதங்களாக மனத்தில் வைத்திருந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்வியிலேயே எனக்கு உடன்பாடில்லை. பிரெஞ்சு உணவுக்கு விலை அதிகம் இருக்கலாம், கிரேக்க உணவு மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நியூயார்க்கின் டைனர் என்னும் சிறு உணவகங்களில் மிகப் பல கிரேக்கக் குடியேறிகள் நடத்தியவை. அதிகாலை முதல் நள்ளிரவு வரை முட்டை, ரொட்டி, காப்பி விற்று அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நீலமும் வெள்ளையுமாக, பழைய கிரேக்கக் குடுவையின் படம் போட்ட அந்தோரா என்ற காகிதக் கோப்பையை, 1963இல் லெஸ்லி புக் என்பவர் வடிவமைத்ததே அந்தக் கடைக்காரர்களைக் கவர்வதற்காகத்தான். உழைப்பாளிகளுக்கு மலிவாகச் சோறு போட்ட ஒரு சமூகத்தின் சொந்தச் சமையலும் மலிவாகவே இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. இட்லிக்கு ஐந்நூறு ரூபாயா என்று நம்மவர்களே கேட்கும்போது எனக்கு வரும் அதே வருத்தம்தான் இங்கும் வந்தது. ஒரு சமையலின் மதிப்பை அதைச் சமைத்தவர்களின் வறுமையை வைத்து அளப்பது நியாயமல்ல.

அதற்காக, கேட்கும் விலையெல்லாம் தகும் என்றும் நான் சொல்ல வரவில்லை. எதற்குத் தகும், எதற்குத் தகாது என்பதில் எனக்கு மிகத் தெளிவான கருத்து உண்டு.

இன்று உலகின் பெருநகரங்களில் உயர்தரக் கிரேக்க உணவகம் என்றால் பெரும்பாலும் ஒரே அமைப்பைத்தான் காண்கிறோம்: வெள்ளைச் சுவர், உள்ளே நுழைந்ததும் பனிக்கட்டிக் குவியலின் மேல் அடுக்கிய முழு மீன்கள், எடைக் கணக்கில் விலை. இந்த அமைப்பைப் பரவலாக்கியதில் பெரும் பங்கு, கோஸ்டாஸ் ஸ்பிலியாடிஸ் 1979இல் கனடாவின் மொன்றியால் நகரில் தொடங்கிய மிலோஸ் உணவகத்துக்கு உண்டு. மிலோஸ் 1997இல் நியூயார்க்குக்கும் பின்னர் லண்டனுக்கும் ஏதென்ஸுக்கும் சென்றது. அதைப் பார்த்துப் பலர் தொடங்கினார்கள். நாங்கள் சென்ற இடமும் அந்த வழியில் வந்த ஒன்றுதான்.

பனிக்கட்டி மேடையின் முன் நின்றபோது நான் தூத்துக்குடிப் பெண்ணாகவே நின்றேன். என் அப்பா மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒருநாளும் வாங்கியதில்லை. செவுள் செக்கச்செவேலென்று இருக்க வேண்டும், கண் குழியாமல் தெளிந்து நிற்க வேண்டும், அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும். பணியாளரிடம் கேட்டேன், அவர் முகம் சுளிக்காமல் செவுளைத் திறந்து காட்டினார். ஃபாக்ரி என்ற மீனைத் தேர்ந்தெடுத்தோம். இளஞ்சிவப்புத் தோலும் உயர்ந்த நெற்றியுமாக, பார்ப்பதற்கு நம் சங்கராவை நினைவூட்டும் மீன் அது. கடலில் பிடித்தது, வளர்ப்பு மீன் அல்ல, விமானத்தில் வந்தது என்றார்கள்.

கிரேக்கர்கள் அந்த மீனைச் சமைக்கும் முறையில்தான் இந்த விவாதத்தின் விடை முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். உப்பு, கரி நெருப்பு, இறக்கிய பிறகு லதோலெமோனோ எனப்படும், ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் அடித்துக் கலந்த ஒரு கலவை, கொஞ்சம் ஓரிகானோ இலை, அவ்வளவுதான். மசாலா இல்லை, வெண்ணெய் இல்லை, மாவு இல்லை. ஒரு நாள் பழைய மீனை நம் வீட்டுப் புளிக்குழம்பு காப்பாற்றிவிடும். இந்தச் சமையல் காப்பாற்றாது. மீன் சற்றே தளர்ந்திருந்தாலும், நெருப்பில் இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்தாலும், எண்ணெய் பழையதாக இருந்தாலும் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். அன்று எங்களுக்கு வந்த மீனின் சதை முள்ளை ஒட்டிய இடத்தில் கண்ணாடிபோல் மினுங்கி, பெரிய பெரிய இதழ்களாகப் பிரிந்தது. எண்ணெயின் காரம் தொண்டையில் மெல்லத் தட்டியது. அமெரிக்காவுக்கு வந்து பதினேழு ஆண்டுகளில் இவ்வளவு நல்ல மீனை நான் சாப்பிட்டதில்லை.

அதன் விலையைப் பார்ப்போம். ஒரு பவுண்டு 62 டாலர், மீனின் எடை இரண்டரைப் பவுண்டு, ஆக 155 டாலர். மொத்த உணவுக் கணக்கில் கிட்டத்தட்டப் பாதி. தலையும் முள்ளும் போக எங்கள் தட்டுக்கு வந்தது ஏறத்தாழ அரைக் கிலோ சதை. இந்தக் கணக்கு முதலில் கசக்கத்தான் செய்யும். ஆனால், கடல் மீனை வைத்துத் தொழில் நடத்துபவருக்கு இருக்கும் சங்கடம் மீன்கார ஊரில் பிறந்த எனக்குப் புரியும். பனிக்கட்டியில் இருபது மீன் கிடந்தால்தான் வாடிக்கையாளர் நம்பித் தேர்வு செய்வார், அந்த இருபதும் அன்றே விற்காது, மறுநாளைக்கு மறுநாள் அவை இந்தச் சமையலுக்கு உதவாது. நான் தின்ற மீனின் விலையில், யாரும் தின்னாத மீனின் விலையும் சேர்ந்திருக்கிறது. புதுமீன் வேண்டும் என்று கேட்கும் யாரும் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த 155 டாலருக்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

இதே நியாயம் லவ்ராக்கிக்குப் பொருந்தாது. இங்கே பிரான்சினோ என்ற இத்தாலியப் பெயரில் பெரிதும் விற்கப்படும் மீன் அது. கிரேக்கம் 1980களிலிருந்து லவ்ராக்கியையும் சிப்பூரா என்ற இன்னொரு மீனையும் கடலில் வலைக்கூண்டு அமைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறது. சந்தைக்கு வருவதில் மிகப் பெரும் பகுதி அப்படி வளர்த்ததுதான். வளர்ப்பு மீன் மோசமானதென்று நான் சொல்லவில்லை, என் வீட்டில் மாதம் இருமுறை அதைத்தான் சமைக்கிறேன். ஆனால், ஆண்டு முழுவதும் ஒரே அளவில், ஒரே தரத்தில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் ஒன்றை, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள அஸ்டோரியாவில் நான் வழக்கமாக வாங்கும் மீன் கடையின் விலையைப் போல நான்கு மடங்குக்கு, ‘மத்தியதரைக் கடல் மீன்’ என்ற பொதுப்பெயரால் விற்பதை ஏற்க முடியவில்லை. வேறொரு உணவகத்தில் எங்களுக்கு அது நடந்தது. பிடித்ததா, வளர்த்ததா என்று மூன்று முறை கேட்ட பிறகே பதில் வந்தது.

மற்ற பண்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ் காய், மேலே ஒரு கட்டி ஃபெட்டா என்னும் பாலாடைக்கட்டி வைத்த ஹொரியாத்திகி என்னும் கிராமத்துக் காய்கறிக் கலவைக்கு 34 டாலர் வாங்கினார்கள். கோடையில் வெயிலில் பழுத்த தக்காளிக்காக உருவான பண்டம் அது. மார்ச் மாத நியூயார்க்கில் எந்தச் சமையல்காரராலும் அந்தத் தக்காளியைக் கொண்டுவர முடியாது. ஃபெட்டா உயர்ந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கு உரியதாகப் பதிவு செய்தது, டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்து நடத்திய வழக்கிலும் 2005இல் கிரேக்கத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பானது. குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதமாவது முதிர வேண்டும் என்பது விதி. ஆனால், அதே அசல் ஃபெட்டா குவீன்ஸில் உள்ள எந்தக் கிரேக்க மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. வாங்கி வந்து வெட்டி வைப்பதற்கு உணவகம் தேவையில்லை.

பேய்க்கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, 38 டாலர். நன்றாக இருந்தது. அஸ்டோரியாவில் காகித விரிப்பு போட்ட மேசையில், அதில் பாதிக்கும் குறைவான விலையில் நான் சாப்பிட்டதும் இதே அளவு நன்றாக இருந்தது. அதில் திறமை முழுவதும் பதமாக வேகவைப்பதிலும் கடைசியில் நெருப்பில் வாட்டுவதிலும் இருக்கிறது. உறைய வைப்பதால்கூட அதன் நார் தளர்ந்து மென்மையாகும் என்பதால், அன்றே பிடித்ததாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தயிரும் வெள்ளரியும் பூண்டும் கலந்த சட்சிகி போன்ற தொடுகறிகளும் அப்படித்தான். இவற்றுக்கு வாங்கும் விலையில் பண்டத்தைவிட மேசை விரிப்பும் வாடகையுமே அதிகம்.

மதுவை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: சாந்தோரினித் தீவின் எரிமலை மண்ணில், கடுங்காற்றுக்குப் பயந்து கூடைபோல் சுருட்டித் தரையோடு வளர்க்கும் கொடிகளிலிருந்து வரும் அசிர்த்திகோவுக்குக் கொடுத்த விலை, அந்த மீனோடு சேர்த்துக் குடித்ததால் தகும்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது எடை விஷயத்தில்தான். பட்டியலில் பவுண்டுக்கு இவ்வளவு என்று மட்டும் இருந்தது. "இது இருவருக்குப் போதும்" என்று சொல்லி மீனை உள்ளே எடுத்துச் சென்றார்களே தவிர, எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. பில் வந்த பிறகே இரண்டரைப் பவுண்டு என்று அறிந்தோம். 2019இல் நாக்சோஸ் தீவில் சாதாரணக் கடலோர உணவகம் ஒன்றில், உரிமையாளர் எங்களை அடுப்படிக்கே கூட்டிச் சென்று, மீனை எங்கள் கண் முன்னால் தராசில் வைத்து, தொகையைத் தாளில் எழுதிக் காட்டி, நாங்கள் தலையசைத்த பிறகுதான் நெருப்பில் போட்டார். உறைய வைத்த பண்டமென்றால் உணவுப் பட்டியலில் அப்படியே குறிக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்ற அறிவிப்பும் அங்கே பட்டியல்களில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாட்டின் வெள்ளைச் சுவரையும் நீலக் கதவையும் இங்கே கொண்டுவந்தவர்கள், தராசையும் கொண்டுவந்திருக்க வேண்டும். நானூறு டாலர் செலவழிக்க வருபவர் தொகையைக் கேட்கக் கூச்சப்படுவார் என்பதை நம்பி ஒரு தொழில் நடக்கக் கூடாது.

எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது 16 டாலர் கீரை. ஹோர்தா என்று சொல்வார்கள். வயல் வரப்பிலும் மலைச்சரிவிலும் தானாக வளரும் கீரைகளைப் பறித்து, வேகவைத்து, எலுமிச்சையும் எண்ணெயும் ஊற்றித் தருவது. பஞ்ச காலத்தில் கிரேக்கக் கிராமங்களைக் காத்த உணவு அது. சற்றே கசந்த அந்தக் கீரையை மீனோடு சேர்த்துச் சாப்பிட்டபோது வேறெந்தத் துணைக்கறியும் தேவைப்படவில்லை.

ஆகவே, என் தோழிக்கும் இதைக் கேட்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏதேனும் ஒரு நல்ல நாளில் போங்கள். காய்கறிக் கலவை, பேய்க்கணவாய், தொடுகறி போன்ற முன்பண்டங்களைத் தவிர்த்துவிட்டு, கடலில் பிடித்த மீன் ஒன்று, கீரை ஒன்று என்று கேளுங்கள். அப்படிச் செய்திருந்தால் எங்கள் உணவுச் செலவு ஏறத்தாழ நூறு டாலர் குறைந்திருக்கும், சுவையில் எதுவும் குறைந்திருக்காது. செவுளைக் காட்டச் சொல்லுங்கள். மேசைக்குத் திரும்பும் முன் எடையையும் தொகையையும் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மேசையருகே வைத்து முள்ளெடுத்துப் பரிமாறிய பிறகு, தலையை அப்படியே உள்ளே எடுத்துச் செல்லப் பார்த்தார்கள். அதன் எடைக்கும் பவுண்டுக்கு 62 டாலர் கொடுத்தவர்கள் நாங்கள். அதை இங்கேயே வையுங்கள் என்று கேட்டேன். பரிமாறியவர் ஒரு நொடி வியந்து, பிறகு மலர்ந்து சிரித்து, தன் பாட்டியும் தலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டார் என்று சொல்லி, கன்னத்துச் சதையைத் தாமே கரண்டியால் எடுத்து என் தட்டில் வைத்தார். அன்றைய மீனில் மிக நல்ல பகுதி அதுதான். தலையைக் கேட்டு வாங்குங்கள்.