ரேகை எடுத்தாலே திருடனா?

அந்தப் போட்டோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டறைத் திருட்டு விஷயமாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பையன், ரேகை மிஷின்மேல் கை வைத்திருக்கிற படம். கீழே "ரேகை எடுத்தாச்சு, மாட்டிக்கிட்டான்" என்று ஒரு வரி. மூன்றாம் நாள் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியை ஒருவர்கூட ஃபார்வர்டு செய்யவில்லை.

ரேகை எடுப்பது வேறு, ரேகை ஒத்துப்போவது வேறு. கைதானால் பத்து விரலையும் பதிவு செய்வது நடைமுறை. 2022-இல் வந்த சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. பழைய வழக்குகளில் எடுத்த ரேகைகளோடும், சம்பவ இடங்களில் கிடைத்த ரேகைகளோடும் கம்ப்யூட்டர் அதை ஒப்பிடும். அது தருவது முடிவு இல்லை, நெருங்கி வருகிற சில ரேகைகளைத்தான். அப்புறம் கைரேகை நிபுணர் உட்கார்ந்து, கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பீரோவிலும் கதவிலும் கிடைப்பது பெரும்பாலும் பாதி விரல், அதுவும் இழுபட்டு, கலங்கி இருக்கும்.

நிபுணருக்கும் தவறும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பையில் கிடைத்த ரேகை தங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அடித்துச் சொன்னது. இரண்டு வாரம் அவரை அடைத்தும் வைத்தார்கள். அது வேறு ஆளின் ரேகை என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகு எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது.

சரி, ஒத்தே போகட்டும். இந்தப் பையன் அதே பட்டறையில் வேலை பார்த்தவன். அவன் விரல் அங்கே படாமல் வேறெங்கே படும்? தொட்டான் என்று ரேகை சொல்லும். எந்தத் தேதியில் தொட்டான் என்று சொல்லாது.

"போலீஸ் சும்மா பிடிக்குமா?" என்பீர்கள். விசாரிப்பது அவர்கள் வேலை, அதை நான் குறை சொல்லவில்லை. விசாரித்தார்கள், விட்டார்கள். நீங்கள்தான் இன்னும் விடவில்லை. "உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்றும் கேட்டார்கள். சொல்கிறேன்.

என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருஷம் வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்து, நெருப்பை ஊதிப் பற்றவைத்தவர். நெருப்பிலும் ஆசிட்டிலும் விரல் வழுவழுவென்று ஆகிவிட்டது. ஒருமுறை ரேஷன் கடையில் மூன்று தடவை விரல் வைத்தும் மிஷின் ஏற்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "கார்டு உங்களுதுதானாய்யா?" என்று சத்தமாகக் கேட்டார். கேட்டவர் எங்கள் தெருக்காரர், அப்பாவை முப்பது வருஷமாகத் தெரிந்தவர். வீட்டுக்கு வந்து அப்பா ரொம்ப நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் ரேஷன் கடைப் பக்கமே போகவில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

முன்பு தண்டனை பெறாத ஒருவரை நீதிமன்ற விசாரணை நடத்தாமல் விடுவித்தாலோ, மேல்முறையீடெல்லாம் முடிந்து நீதிமன்றம் விடுதலை செய்தாலோ, நீதிபதி வேறு மாதிரி உத்தரவிடாதவரை அவருடைய பதிவை அழிக்க வேண்டும் என்று அதே 2022 சட்டம் சொல்கிறது. அரசாங்கப் பதிவுக்கே அப்படி ஒரு வழி இருக்கிறது. உங்கள் போனில் இருக்கிற படத்துக்கு?

நேற்று அவனுடைய அம்மா என்னிடம் வந்து, "அந்தப் படத்த எடுக்கச் சொல்ல முடியுமா கண்ணு? வேலைக்குப் போற எடத்துல எல்லாம் காட்டுறாங்களாம்" என்று கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். யார் யார் அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். அனுப்பிய ஒவ்வொரு குரூப்பிலும் போய், அவனை விட்டுவிட்டார்கள் என்று எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.